பாபநாசம் எவ்வளவு?

முதல் நாள் - வி.கே.புரம்

அம்மா போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. கார்த்திகையில் தலைத்திவசம் முடிந்தது. தை பிறந்ததும் கிளம்பிவிட்டேன்.

கிளம்பியது என் இஷ்டத்துக்கு அல்ல. அம்மாவின் டைரிகளை அடுக்கும்போது, ஒன்றின் கடைசிப் பக்கங்களில் ஒரு பயணத் திட்டம் கிடைத்தது. காரையாறு அணையில் தொடங்கி புன்னைக்காயல் வரை, தாமிரபரணி கூடவே ஏழு நாள். தலைப்பு கிடையாது. முதல் வரியே உத்தரவு: "ஏழு நாள். குறைக்கக் கூடாது." அதற்குக் கீழே: "கார் வேண்டாம், பஸ். மதியம் தூங்கவும். ஆற்றில் துணி விடக் கூடாது."

தனக்காக எழுதியதா, எனக்காக எழுதியதா தெரியவில்லை. தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொள்ளக் கூடியவள்தான் அவள். போக முடியாமல் போயிற்று. முதலில் அப்பாவின் சர்க்கரை, பிறகு அவளுடைய முழங்கால், அதற்கு அப்புறம் மற்றது.

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து, செங்கோட்டை ரயில் பிடித்து அம்பாசமுத்திரத்தில் இறங்கினேன். அங்கிருந்து டவுன் பஸ். விக்கிரமசிங்கபுரம் என்று முழுசாகச் சொன்னால் இங்கே வெளியூர்க்காரி என்று தெரிந்துவிடும். வி.கே.புரம். ஆற்றங்கரையில் வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சாலை ஒன்றைச் சுற்றி வளர்ந்த ஊர். தாத்தா அந்த மில்லில்தான் வேலை பார்த்தார். மில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்ததாக அம்மா சொல்வாள். யார் எதில் தாமதமானாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்குக் காரணம் அந்தச் சங்காக இருக்கலாம்.

சித்தி வீட்டில் தங்கல். வாசலிலேயே, "இளைச்சிட்டியேட்டி" என்றாள். நான் இளைக்கவில்லை. சித்திக்குக் கண் மங்கிவிட்டது.

என் பையில் அக்கா கொடுத்தனுப்பிய ஒரு பொட்டலம் இருக்கிறது. அம்மா ஆபீசுக்குக் கட்டும் அரக்கு நிறக் கைத்தறிச் சேலை. பாபநாசத்தில் முங்கிவிட்டு அதை ஆற்றில் விட்டுவிட வேண்டும், அப்போதுதான் அம்மாவுக்கு நல்லது என்று அக்காவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். டைரியில் இருக்கும் வரியை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவ எப்பவும் அப்படித்தான் சொல்லுவா. நீ விட்டுட்டு வா" என்றாள். அம்மாவிடமிருந்து அந்தக் குரலை அப்படியே வாங்கிக்கொண்டவள் அக்கா. நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் - காரையாறு

பாபநாசம் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டித்தான் மேலே போக வேண்டும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். பிளாஸ்டிக் கூடாது. சேலைப் பொட்டலம் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. வனக்காவலர் உறையை மட்டும் வாங்கிக்கொண்டு சேலையைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அது என் துண்டோடும் சீப்போடும் கலந்துவிட்டது.

காரையாறு அணையைத்தான் பாபநாசம் அணை என்றும் சொல்வார்கள். எங்கள் வீட்டுக் கதையில் பாதி இந்த அணையில் இருக்கிறது.

சென்னையில் எங்கள் வீட்டில் காலை ஏழு மணிக்கு அம்மா சித்திக்கு போன் போடுவாள். நலம் விசாரிப்பு கிடையாது. முதல் கேள்வி: "பாபநாசம் எவ்வளவு?" சித்தி கையில் அன்றைய பேப்பரை வைத்துக்கொண்டு தயாராக இருப்பாள். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று மூன்று அணைகளின் நீர்மட்டத்தையும் வாசிப்பாள். அம்மா டைரியில் குறித்துக்கொள்வாள். பாபநாசத்துக்கு உச்சம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. எனக்குப் பத்து வயதில் பெருக்கல் வாய்ப்பாட்டில் தடுமாற்றம் இருந்தது. இந்த மூன்று எண்களில் இருந்ததே இல்லை.

மின்வாரியக் கணக்குப் பிரிவில் வேலை என்பதால் அணை மீது அவளுக்கு அக்கறை என்று அப்பா கேலி செய்வார். பாபநாசம் தண்ணீரில் கரண்ட் எடுக்கிறார்கள் அல்லவா, அதற்காக. நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். நேற்று ராத்திரி சித்தி வேறு சொன்னாள்.

1992 நவம்பர் வெள்ளம். மலையில் விடாத மழை. அணைகள் நிரம்பித் திறந்துவிட, ஆறு கரையேறி அம்பை, வி.கே.புரம் பக்கமெல்லாம் ஊருக்குள் புகுந்துவிட்டது. நிறையப் பேர் போய்விட்டார்கள். டெலிபோன் செத்துப்போனது. ஆச்சி இங்கே தனியாக இருந்தாள். சித்தி அப்போது கோவில்பட்டியில். அம்மா யாரிடமும் கேட்கவில்லை. அப்பாவிடம்கூட, "போய்ட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். திருநெல்வேலி வரை பஸ். அதற்குப் பிறகு ஒரு லாரி. லாரியும் நின்ற இடத்திலிருந்து நடை. சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாளாம். ஆச்சி மாடியில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பத்திரமாக உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் கேட்டது: "ஆபீசுக்கு லீவு சொன்னியாட்டி?"

நான்கு நாள் தங்கி வீட்டிலிருந்த சேற்றை வாரிப் போட்டுவிட்டுத் திரும்பினாள். டைரிகளைப் புரட்டிப் பார்த்தேன். அணைக்கணக்கு தொடங்குவது 1992 டிசம்பரில்.

ஆச்சி 2003-இல் போய்விட்டாள். கணக்கு நிற்கவில்லை.

காரையாற்றில் இன்று தண்ணீர் நன்றாகவே இருந்தது. எதிர்க்கரையில் காடு அப்படியே இறங்கித் தண்ணீரில் கால் வைக்கிறது. பாணதீர்த்தம் அருவிக்குப் படகு என்று டைரியில் இருக்கிறது. இன்று படகு விடவில்லை. அம்மா இருந்திருந்தால் ஏன் விடவில்லை, யார் சொன்னது, எழுத்தில் இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் போயிருக்கும். நான் சரி என்று திரும்பினேன்.

வரும் வழியில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இறங்கினேன். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூடும் இடம். இன்று குரங்குகளும் நானும்தான். அங்கே பட்டவராயன் சன்னதியில் நேர்த்திக்கடனாகச் செருப்பு கட்டித் தொங்கவிடுகிறார்கள். பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களைக் கட்டிக்கொள்வதற்காகப் பூணூலை அறுத்தெறிந்து செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்ட கதையை இந்தப் பக்கம் வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். காணிக்கையாக வந்த புதுச் செருப்பு கொஞ்ச நாளில் யாரோ போட்டு நடந்ததுபோலத் தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை.

அம்மா நடந்தால் இடது குதிகால் வெளிப்புறம் தேயும். ஒரு ஜோடி வாங்கினால் ஆறு மாதத்தில் இடது செருப்பு மட்டும் சாய்ந்துவிடும். தொங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஜோடியிலும் இடது குதிகாலைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். பூசாரி, "என்னம்மா, எதாவது வேண்டுதலா?" என்றார். இல்லை என்றேன்.

மூன்றாம் நாள் - பாபநாசம்

கல்யாண தீர்த்தத்துக்கு எதிரே டைரியில் "குளிக்காதே. பார்." என்று இருக்கிறது. வ.வே.சு. ஐயர் 1925 ஜூனில், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்துத் தானும் போன இடம். அவர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்டதை அம்மா கடைசி வரை மன்னிக்கவில்லை. "ஆனா குதிச்சாரு பாரு" என்று அதையும் விடாமல் சேர்ப்பாள். ஒருவரை முழுசாகப் பாராட்டும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. முழுசாகத் திட்டும் பழக்கமும் இல்லை, என்னைத் தவிர.

பார்த்தேன். குளிக்கவில்லை.

பாபநாசநாதர் கோயில் படித்துறை. தண்ணீருக்குள் மீன்கள் முழங்கை நீளம். யாரும் பிடிப்பதில்லை, பொரி போடுகிறார்கள். காலை வைத்ததும் வந்து மொய்க்கின்றன. அது வரைக்கும் எல்லாம் அழகுதான்.

நாலு படி இறங்கினால் துணி. பாறை இடுக்கில், வேரில், மணலுக்குள் பாதி புதைந்து. வேட்டி, நைட்டி, பள்ளிக்கூடச் சீருடை, ஒரு கல்யாணப் பட்டு. பாவம் போக்குகிற ஆறு என்பதால் பரிகாரமென்று உடுத்தியதை அவிழ்த்து விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு ஓரத்தில் இரண்டு பையன்களும் ஒரு பெரியவரும் கம்பியால் கொத்திக் கொத்தி இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரத்துணி என்ன கனம் கனக்கும் என்று துவைத்தவர்களுக்குத் தெரியும். ஒரு சேலையை மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள். வந்ததோடு மணலும் பாசியும் ஒரு கண்ணாடி வளையலும் வந்தன.

"ஒரு நாளைக்கு எவ்வளவு அண்ணாச்சி வரும்?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

"எண்ண மாட்டோம்மா. எண்ணுனா மறுநா வர மனசு வராது."

என் கையில் சேலை இருந்தது. எடுத்துக்கொண்டுதான் இறங்கியிருந்தேன். அக்காவுக்காகவா, பழக்கத்துக்காகவா தெரியாது. கஞ்சி போட்டு மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. அம்மா சோற்றுக்கஞ்சியை வடிகட்டி, பாதித் தண்ணீர் கலந்து, முக்கிப் பிழியாமல் கொடியில் போடுவாள். காய்ந்ததும் சேலை அட்டையாக நிற்கும். பஸ் நெரிசலில் ஆபீஸ் போய் வந்தாலும் கொசுவம் குலையாது. முந்தானை ஓரத்தில் விரலில் ஏதோ குத்தியது. ஊக்கு. கழற்ற மறந்திருக்கிறாள். மறந்தாளா? அவசரத்துக்கு வேண்டும் என்று எல்லாச் சேலையிலும் ஒரு ஊக்கை அப்படியே விட்டுவைப்பது அவள் வழக்கம்.

"விடப் போறீங்களா?" என்று ஒரு பையன் கேட்டான். கோபமெல்லாம் இல்லை. விட்டால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருமுறை ஆடி அமாவாசைக்கு இங்கே வந்தபோது அம்மா இதைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது நினைவிருக்கிறது. "எனக்குன்னு யாராவது ஒரு கைக்குட்டை இங்க விட்டீங்க, நான் திரும்பி வந்து எடுத்துத் துவைச்சுக் காயப்போட்டுட்டுத்தான் போவேன்." அப்போது எல்லோரும் சிரித்தோம்.

இல்லை தம்பி என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். அக்காவின் போனை எடுக்கவில்லை.

நான்காம் நாள் - பத்தமடை

கல்லிடைக்குறிச்சியில் பஸ் மாறி, சேரன்மாதேவியைத் தாண்டி, பத்தமடை. அம்மா இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறாள். ஏனென்று எனக்குத் தெரியும்.

ஆற்றோரத்தில் வளரும் கோரையை வெட்டி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, இழை இழையாகக் கீறி நெய்கிறார்கள். பெரும்பாலும் இஸ்லாமியப் பெண்கள், வீட்டுத் தறியில். பாவு நூல் பருத்தி, உயர்ந்த ரகத்துக்குப் பட்டு. நல்ல பாயைக் கைக்குட்டை மாதிரி மடிக்கலாம். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரையும் தேதியையும் சேர்த்து நெய்து தருவார்கள்.

அம்மா கல்யாணம் 1974-இல், சென்னையில், பதிவு அலுவலகத்தில். வேறு சாதி. தாத்தா ஆறு வருஷம் பேசவில்லை. சீர் இல்லை, பாத்திரம் இல்லை, பாய் இல்லை. அம்மா சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பத்தமடைக்குத் தானே கடிதம் போட்டு ஒரு கல்யாணப் பாய் சொன்னாள். தன் பெயர் முதலில், அப்பா பெயர் பிறகு. நெய்தவர்கள் குழம்பிப் பதில் கடிதம் போட்டிருக்கிறார்கள், மாற்றி எழுதிவிட்டீர்களா என்று. அவள் பதில்: "மாற்றவில்லை. பணம் நான் அனுப்பியிருக்கிறேன்."

அந்தப் பாய் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரப்பட்டுத் துணி நைந்துவிட்டது, எழுத்து நைந்துபோகவில்லை. அப்பா அதில் படுத்துக்கொண்டு, "நான் இந்த வீட்டில் ரெண்டாவது வரி" என்பார்.

ஒரு வீட்டில் தறி பார்த்தேன். நெய்கிற அம்மாவுக்கு எழுபது இருக்கும். தரையோடு தரையாகப் பாவு கட்டியிருக்கிறது. கோரை இழையை ஒரு குச்சியில் கோத்துக் குறுக்கே விடுகிறார், கட்டையை இழுத்து அடிக்கிறார். அடுத்த இழை. ஒரு கோரைக்கும் அடுத்த கோரைக்கும் நடுவே விரலால் தடவிப் பார்க்கிறார், கண்ணால் பார்ப்பதில்லை. எங்கள் பாயின் படத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எங்க மாமியார் கைவேலை மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "எல்லாரு கைவேலையும் இப்படித்தான் இருக்கும், சும்மா சொன்னேன்" என்று சிரித்தார்.

பெண் பெயர் முதலில் வருகிற மாதிரி இப்போது யாராவது கேட்கிறார்களா என்றேன்.

"கேக்காங்க. முன்னாடி ஒரே ஒருத்தி கேட்டான்னு சொல்லுவாங்க."

அந்த ஒருத்தி யார் என்று நான் சொல்லவில்லை. வேறு யாராகவும் இருக்கலாம்.

ஐந்தாம் நாள் - திருநெல்வேலி

காலை ஏழு மணிக்கு போன். சித்தி. "நூத்தி முப்பத்தாறு" என்றாள்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை.

"பேப்பரைப் பிரிச்சா கண்ணு அங்கதான் போகுது. ஒரு வருஷமா யார்ட்டயும் சொல்லாம வச்சிருந்தேன். நீ ஊருக்குள்ள இருக்கேல்லா, அதான்." வைத்துவிட்டாள்.

லாட்ஜ் பில்லின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டேன்.

இன்று அதிகம் எழுத ஒன்றுமில்லை. சுலோச்சன முதலியார் பாலத்தில் நடந்தேன். 1843-இல் திறந்த பாலம். அவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது, மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் கதை. "அப்ப பாலத்துக்கு அந்தம்மா பேரைல்லா வச்சிருக்கணும்" என்பாள் அம்மா, ஒவ்வொரு தடவை கடக்கும்போதும்.

டைரியில் அடுத்து: "கொக்கிரகுளம் - ஒரு நிமிஷம் நிற்க." 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலம், போலீஸ் தடியடி, ஆற்றில் இறங்கி ஓடியவர்களில் 17 பேர் செத்துப்போனார்கள். ஒரு குழந்தையும் உண்டு. நின்றேன். சாயந்திரம் குறுக்குத்துறை முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயிலே முங்கிவிடும், உற்சவரை முன்கூட்டியே கரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள், தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்கள். இன்று படியில் பிள்ளைகள் சோப்புக் கட்டியைத் தொலைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அல்வா வாங்கவில்லை. டைரியில் இல்லை என்பதால் அல்ல, வரிசை நீளம்.

ஆறாம் நாள் - ஆதிச்சநல்லூர், திருக்கோளூர்

திருச்செந்தூர் ரோட்டில் பஸ்காரர் "பரம்பு" என்று சொல்லி இறக்கிவிட்டார். ஆதிச்சநல்லூர். செம்மண் மேடு, 114 ஏக்கர். 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் முதலில் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரியா, பிறகு 2004, 2005-இல் தொல்லியல் துறை தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள். இப்போது குழியை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கண்ணாடி மேல் நின்று காலடியில் பார்க்கலாம்.

டைரியில் இதற்கு எதிரே: "பயப்படாதே."

பயம் வரவில்லை. ஆனால் தாழி இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. வயிறு பருத்து, வாய் அகன்று, ஒரு ஆள் காலை மடக்கி உள்ளே உட்காரலாம். அப்படித்தான் சிலரை வைத்திருக்கிறார்கள். கூடவே சின்னக் கலயங்கள், இரும்பு, தானியம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்லுக்கு மூவாயிரத்து இருநூறு வருஷம் என்று 2021-இல் சொன்னார்கள். போகிறவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுக்கும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

அம்மா கடைசி இரண்டு வாரம் அப்படித்தான் படுத்திருந்தாள். ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சுவரை மடக்கி. முழங்கால் வலிக்கு அது ஆகாது என்று நான் நீட்டிவிடுவேன், அவள் மறுபடி மடக்குவாள். குழாய் போடட்டுமா என்று டாக்டர் என்னிடம் கேட்டபோது, கண்ணைத் திறக்காமல், "நோயாளி இங்க இருக்கேன், என்னைக் கேளுங்க" என்றாள். கேட்டார். வேண்டாம் என்றாள். அந்த இரண்டு வாரத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். கண்ணாடிக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது, அவள் காலை நான் நீட்டிவிட்டிருக்கவே வேண்டாம்.

அப்புறம் திருக்கோளூர். நவதிருப்பதிகளில் ஒன்று. பெருமாள் வைத்தமாநிதி. நெல் அளக்கிற மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். கணக்குப் பிரிவுக்காரிக்கு இவரைப் பிடிக்காமல் இருக்குமா. ஆனால் அம்மா இந்த ஊரைக் கொண்டாடியதற்குக் காரணம் பெருமாள் அல்ல, ஒரு மோர் விற்கிறவள்.

ராமானுஜர் இந்த ஊருக்குள் வரும்போது எதிரே ஒருத்தி மூட்டையோடு வெளியேறிப் போகிறாள். எல்லோரும் தேடி வந்து புகும் ஊரிலிருந்து நீ கிளம்புகிறாயே என்று கேட்கிறார். அவள் நின்று பதில் சொல்கிறாள். ஒன்றல்ல, எண்பத்தொரு பதில். "அழைத்து வருகிறேன் என்றேனோ அக்ரூரரைப் போலே, அகமொழித்து விட்டேனோ விதுரரைப் போலே" என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். அவர்கள் மாதிரி நான் என்ன செய்துவிட்டேன், முயல் புழுக்கை வரப்பில் கிடந்தால் என்ன, வயலில் கிடந்தால் என்ன என்று முடிக்கிறாள். அவ்வளவு பெரிய ஆசாரியர் வாயடைத்துப்போய், அவள் வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டார் என்பார்கள். மோர்க்காரி என்பது எங்கள் ஆச்சி சொன்னது. ஏட்டில் பெண்பிள்ளை என்றுதான் இருக்கிறது.

எங்களைத் திட்டுவதற்கு அம்மா இந்த நடையைத்தான் எடுத்துக்கொண்டாள். "சொன்ன நேரத்துக்கு வந்தாளோ அடுத்த வீட்டுப் பிள்ளையைப் போலே! குடித்த டம்ளரைக் கழுவினாளோ அக்காவைப் போலே!" சிரிப்பு வரும், ஆனால் டம்ளரைக் கழுவிவிடுவோம்.

ஒரு தடவை மட்டும் சிரிப்பு வரவில்லை. மகன் பிறந்த பிறகு நான் வேலையை விட்டபோது. "ராஜினாமா எழுதினாளோ..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள், யாரைப் போலே என்று சொல்லவில்லை. மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. வேலை அவளுக்கு என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும். தாத்தா பேசாத ஆறு வருஷமும் அவளைத் தாங்கியது அந்தச் சம்பளம்தான். ஆனால் நான் அவள் இல்லையே. அந்த மூன்று மாதத்தில் அவள் செய்தது தப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தாத்தா ஆறு வருஷம், அவள் மூன்று மாதம். நான் என் மகனிடம் அதிகபட்சம் இரண்டு நாள். குடும்பச் சொத்து குறைந்துகொண்டு வருகிறது.

கோயில் வாசலில் உட்கார்ந்து பெண்பிள்ளை வார்த்தையை நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தேன். பதினேழுக்கு மேல் வரவில்லை. அம்மா அறுபதைத் தாண்டுவாள்.

திருச்செந்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பெண் 2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் சென்னை ரயில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது, பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டது. அந்த மூன்று நாளும் அம்மா இருந்த இருப்பைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், போன் லைன் கிடைக்காமல் மின்வாரியத்தில் தன்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பிடித்து அணைக்கணக்கு வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் - புன்னைக்காயல்

சித்தி ஏழு மணிக்கு: "நூத்தி முப்பத்தஞ்சரை. கார் சாகுபடிக்குத் தண்ணி... இல்ல, பிசானத்துக்கு. உங்கம்மா இருந்தா திட்டுவா." கார், பிசானம் இரண்டும் இந்தப் பக்கத்து நெல் போகங்கள்.

காலையில் சுடிதாரை எடுத்தேன், ஈரம் காயவில்லை. மற்றொன்று நேற்றைய செம்மண். சேலையைக் கட்டிக்கொண்டேன். கஞ்சி மடிப்பு பிரியும்போது அப்பளம் உடைகிற சத்தம் வந்தது. கொசுவம் தானாக நின்றது. ஊக்கு சரியாகத் தோளுக்கு வந்தது.

ஆத்தூரில் பஸ் மாறினேன். வெற்றிலைக் கொடிக்கால்கள், வாழை, பிறகு உப்புக் காற்று. புன்னைக்காயல். மாதா கோயில், வலை காயும் தெரு, படகுகள். போர்த்துகீசியர் வந்து தங்கிய பழைய துறை. மலையில் பிறந்து நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர் போல ஓடி, தமிழ்நாட்டை விட்டு எங்கேயும் போகாமல் ஆறு இங்கேதான் கடலில் சேர்கிறது.

முகத்துவாரம் பார்க்க வேண்டும் என்றதும் ஒரு மீன்பிடிக்காரர் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். "சேலை நனையும்மா" என்றார். பரவாயில்லை என்றேன்.

முகத்துவாரம் என்றால் ஏதோ ஒரு கோடு இருக்கும், இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் கடல் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. கண்டல் செடிகள் நின்றன, பிறகு மணல்திட்டு, கலங்கல் நிறம் மெதுவாகப் பச்சையாகிறது. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் உப்பா இல்லையா என்று தெரியவில்லை. அடுத்த தடவை உப்பு.

"இதுக்கு மேல ஆறு இல்ல" என்றார் அண்ணாச்சி. என்ஜினை அணைத்தார். ஒரு அலை வந்து வள்ளத்தைத் தூக்கிப் போட்டது. இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்துவிட்டேன். டைரியில் இந்த நாளுக்கு ஊர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுதவில்லை.

இப்போது திருச்செந்தூர் லாட்ஜில் இருக்கிறேன். சேலையை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி பால்கனிக் கொடியில் போட்டிருக்கிறேன். கஞ்சி எல்லாம் போய்விட்டது. காற்றில் தொளதொளவென்று ஆடுகிறது, அம்மா சேலை இப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை.

அக்கா போன். இந்தத் தடவை எடுத்துவிட்டேன்.

"ஆத்துல விட்டியா?"

"நனைச்சேன்."

"அப்புறம்?"

"காயப் போட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இல்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"வீட்டுக்குப் போனதும் கஞ்சி போடு. வடிகட்டிப் போடு, உன் இஷ்டத்துக்குக் கட்டி கட்டியாப் போடாத."